அடிபட்ட தலை பேசுகிறது

இந்த ஏப்ரல் 14 அன்று ராசிபுரத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னைக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ராத்திரி ஏழரை மணி. மேடைக்கு நேர் எதிரே மூங்கிலில் ஃபோகஸ் லைட் கட்டியிருந்தது. இரண்டு பத்தி வாசித்தேன். மூன்றாவது பத்தியின் முதல் வரியில் எழுத்துகள் காணாமல் போயின. பார்வையின் இடது ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சக்கோடு நெளிந்து நெளிந்து பெரிதானது. எனக்கு அது பழக்கம். இன்னும் அரைமணி நேரத்தில் மண்டையில் இடி இறங்கும் என்று தெரியும். தாளை மடித்துக்கொண்டு, "மன்னிக்கணும் தோழர்களே, தலைவலி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மைக்கைப் பிடித்திருந்த தோழர் சும்மா இருக்கவில்லை. "நம்ம கவிஞருக்கு எப்பப் பாத்தாலும் தலைவலிதான். கட்டிக்கிட்டவனுக்குத்தான் தலைவலின்னு கேள்விப்பட்டிருக்கோம்" என்றார். கூட்டம் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். முன்வரிசையில், கழுத்தில் நீலத்துண்டோடு, அந்தக் கட்டிக்கிட்டவனும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்புக்கான எதிர்வினைதான் இது. கவிதையாக எழுதலாமே என்று ஆசிரியர் குழுத் தோழர் ஒருவர் கேட்டார். கவிதை என்றால் கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் உரைநடையில் எழுதுகிறேன்.

முதலில் தலைவலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொம்பளைகள் வேலைக்குச் சாக்கு சொல்லும் தலைவலி என்று உங்களில் பாதிப்பேர் நினைக்கிறீர்கள். எனக்கு வருவது பாதித் தலையில். திருச்செங்கோட்டு மலையில் பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமி இருக்கிறது, எனக்குப் பாதித் தலையை வலிக்குக் கொடுத்தாகிவிட்டது. இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி துடிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாசனை ஆகாது. இந்தச் சீமையில் இந்த மூன்றிலிருந்தும் தப்பித்துப் போக எங்கே இடமிருக்கிறது? பள்ளிபாளையம் போனால் தறிச்சத்தம். நாமக்கல் பக்கம் போனால் கோழிப்பண்ணை நாத்தம். ராத்திரி பஸ்ஸில் ஏறினால் எதிர்வரும் லாரிகளின் ஹெட்லைட். பேங்குக்குள் போனால் தலைக்கு மேலே டியூப்லைட், எதிரே கம்ப்யூட்டர் திரை, பக்கத்தில் நோட்டு எண்ணும் மெஷின். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஐந்நூறு ரூபாய்க் கட்டை எண்ணியிருக்கிறேன். சாயங்காலம் கணக்கு இடித்தால் என் கைக்காசைத்தான் போடவேண்டும்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதற்கு நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று பெயர். இது மருத்துவர்களின் சர்வதேச வரையறை. நான் கிளார்க். கணக்கு எழுதுவது என் தொழில். வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் புள்ளி வைத்து வருகிறேன். 15-க்குக் கீழே இறங்கிய மாதங்கள் எட்டு வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். உலகத்தில் சுமார் 100 கோடிப் பேருக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. 50 வயதுக்குட்பட்ட பெண்களை அன்றாட வேலை செய்யவிடாமல் முடக்கிப்போடும் நோய்களில் இதுவே முதலிடம் என்று 2019-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. இதைத்தான் மேடையில் நகைச்சுவையாக்கினீர்கள்.

இனி எனக்கு இது எப்படி வந்தது என்பது.

2015 ஜூனில் ஓமலூர் கோகுல்ராஜைத் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்திக்கொண்டு போய்க் கொன்று பள்ளிபாளையம் பக்கம் ரயில்பாதையில் போட்டார்கள். ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததுதான் அந்தப் பிள்ளை செய்த குற்றம். அவனுக்கு நீதி கேட்டு நாம் தெருவுக்கு வந்தோம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். அரசு ஊழியருக்கு ஆகாது, பேங்குக்காரிக்கு ஆகாது என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல் போய் நின்றேன். அந்தக் கூட்டத்தில்தான் அவனைப் பார்த்தேன். என்ன பேச்சு! சாதி இந்துக்களின் வன்மத்தை அவன் வரி வரியாகப் பிரித்துக் காட்டியபோது, இப்படி ஒரு ஆளோடு வாழ்ந்தால் வாழ்க்கையே போராட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. 2016-இல் தாலி இல்லாமல், புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் முன்னால், தோழர்கள் தலைமையில் கல்யாணம். பெயரை இப்போதைக்கு எழுதவில்லை. எழுதினால் இது ஒரு ஆளின் கதை ஆகிவிடும், மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். ஆனால் மூன்றரை வருடம் "அவரு, தோழரு" என்று சொன்ன வாய் இனிமேல் அப்படிச் சொல்லாது. அவன் என்றே எழுதுகிறேன்.

முதல் அடி கல்யாணமாகி ஐந்தாம் மாதம். சம்பளப் பணம் பற்றிய பேச்சில். கன்னத்தில். அப்புறம் தலை. தலைமுடிக்குள் அடித்தால் தடம் தெரியாது என்பது அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதுவான். ஒருதடவை நிலைக்கதவின் சட்டத்தில். 2018 தைமாதம், கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியதில் நினைவு தப்பிவிட்டது. எழுந்தபோது பாவாடை நனைந்திருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து மறுநாள் ஆர்ப்பாட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தான். வன்கொடுமை என்ற சொல்லில் கால் போட மறந்திருந்தான். நான்தான் காட்டினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவ்வளவு பழகிப்போயிருந்தது எனக்கு.

அந்த வாரத்திலிருந்துதான் தலைவலி.

முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நல்லவர்தான். ராத்திரி தூக்கம் எப்படி, கண்ணாடி போட்டிருக்கீங்களா, ஆபீஸ்ல டென்ஷனா, குழந்தை இருக்கா, ஏன் இல்லை என்று எல்லாம் கேட்டார். தலையில அடிபட்டிருக்கா என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நெற்றியில் புடைத்திருந்ததைக் காட்டிக் கேட்டிருந்தாலும் "கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. இடித்தது கதவுதான், இடித்துக்கொண்டது நானில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, நார்மல் என்றார்கள். அந்தத் தாளை அவன் வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தான். "பாரு, ஒனக்கு ஒண்ணுமில்லன்னு மிசினே சொல்லிருச்சு" என்பான்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்கேன் எலும்பு முறிவைக் காட்டும், ரத்தக்கசிவைக் காட்டும். மண்டைக்குள் மூளை குலுங்கியதைப் பெரும்பாலும் காட்டாது. தலையில் அடிபட்டு ஏழு நாளுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேலும் நிற்காத தலைவலிக்கு மருத்துவத்தில் தனிப் பெயரும் தனி இடமும் உண்டு. அது பார்ப்பதற்கு ஒற்றைத் தலைவலி மாதிரியே நடந்துகொள்ளும். கழுத்தை நெரித்தால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டுச் சில நொடிகளில் நினைவு தப்பும், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமலும் இருக்கலாம். அதற்கு மேல், பயத்திலேயே கிடக்கும் உடம்பு, தூக்கமில்லாத ராத்திரி, வேளைக்குச் சாப்பிடாத வயிறு எல்லாம் சேர்ந்து வலியைக் குடியமர்த்துகின்றன. என் வலியில் எத்தனை பங்கு சுவர், எத்தனை பங்கு கழுத்து, எத்தனை பங்கு பயம் என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த வீட்டில் வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

இந்த அறிவு யாருக்காகச் சேகரிக்கப்பட்டது என்று பாருங்கள் தோழர்களே. தலையில் திரும்பத் திரும்பக் குத்து வாங்கினால் மூளை கெடும் என்று 1928-லேயே அமெரிக்காவின் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் எழுதினார். யாரைப் பார்த்து? குத்துச்சண்டை வீரர்களைப் பார்த்து. டிக்கெட் வாங்கி ஜனங்கள் வேடிக்கை பார்த்த ஆண்களின் தலைகளை. கணவனிடம் காலமெல்லாம் அடிவாங்கிய ஒரு பெண்ணின் மூளையிலும் அதே சேதம் இருந்தது என்று பிரிட்டனிலிருந்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுத 1990 வரவேண்டியிருந்தது. அதுவும் அந்தப் பெண் செத்தபிறகு அறுத்துப் பார்த்து. இடையில் 62 வருடம். 2003-இல் ஈவ் வலேரா என்ற ஆய்வாளர், துணைவர்களால் தாக்கப்பட்ட 99 பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார். ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு ஒருதடவையாவது மூளையில் காயம் நேர்ந்திருந்தது. பாதிப்பேருக்குப் பலதடவை. கேட்டால்தானே தெரியும். குத்துச்சண்டைக்காரனுக்கு ரவுண்டு முடிந்தால் மணி அடிப்பார்கள், நடுவர் இருப்பார், கையில் உறை இருக்கும். எங்களுக்கு?

எங்கள் தெருவுக்கு வருகிறேன். என் அம்மா சேகோ ஆலையில் வேலை செய்தவள். சேலம் ஜில்லாவில் பிறந்தவர்களுக்குத் தெரியும், கிழங்கு மாவைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். சித்திரை வெயிலில் அந்த வெள்ளைக் களத்தைப் பார்த்தால் கண் அவிந்துவிடும். அம்மாவும் மற்ற பெண்களும் காலையிலிருந்து சாயங்காலம்வரை அதன்மேல் நடந்து கிளறிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் துண்டை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுக்கு உரசிப் பத்துப்போட்டு, இருட்டு மூலையில் சுருண்டுகொள்வாள். ஆயாவும் அப்படித்தான். எதிர்வீட்டு அத்தையும் அப்படித்தான். தலையில் துண்டு கட்டாத பொம்பளை எங்கள் தெருவில் குறைவு. சின்னப்பிள்ளையில் நான் அதை எங்கள் சனத்தின் வழக்கம் என்றே நினைத்திருந்தேன், வளையல் மாதிரி, மூக்குத்தி மாதிரி. 2018-இல் ஒருநாள் என் தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோதுதான் உறைத்தது.

எல்லாமே அடியால் வந்தது என்று சொல்லமாட்டேன். வெயில் உண்டு, பட்டினி உண்டு, ரத்தசோகை உண்டு, களத்து மேஸ்திரியின் வசவு உண்டு. ஆனால் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை உலக்கையால் அடித்ததும் உண்டு. அம்மா மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு ரூபாய் மாத்திரை வாங்கி வாங்கித் தின்றாள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை தின்றால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் படித்த பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கு எனக்குத் தினமும் புரோப்ரனலால், ராத்திரி அமிட்ரிப்டிலின், வலி வரும் அறிகுறி தெரிந்தால் சுமட்ரிப்டான். என் சம்பளத்தில் வாங்க முடிகிறது, லீவு போட்டு நரம்பு டாக்டரைப் பார்க்க முடிகிறது. களத்தில் நிற்கிறவளுக்கு முடியுமா?

லீவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் மாத ஒப்பந்தத்தில், பெண் ஊழியர்கள் மாதம் ஒரு நாள் மருத்துவச் சான்று இல்லாமல் நோய் விடுப்பு எடுக்கலாம் என்று வந்தது. சங்கம் போராடி வாங்கிய உரிமை, நன்றி. மிச்சம் 14 நாளுக்கு நான் கவுண்டரில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறேன். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 குறைபாடுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒற்றைத் தலைவலி இல்லை. கண்ணுக்குத் தெரியாத நோயைச் சட்டமும் நம்பாது, மேனேஜரும் நம்பமாட்டார், தோழர்களும் நம்பமாட்டார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

2018 தைமாதம் நினைவு தப்பி விழுந்தேனே, அதற்கு நான்கு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு மூன்று மூத்த தோழர்கள் வந்தார்கள். நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். டீ போட்டுக்கொடுத்தேன். ஒருத்தர் அவனைக் கொஞ்சம் கண்டித்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, படிச்ச புள்ள நீயி. ஸ்டேசனுக்குப் போனா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா? நம்ம பையன் ஒருத்தன் எப்ப மாட்டுவான்னு அவனுங்க காத்துக்கிட்டிருக்கானுங்க. ஊர்க்காரன் நம்மள அடிக்கிறதுக்கு நாமளே கல்லெடுத்துக் குடுக்கலாமா? இயக்கத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

அவர் சொன்னதில் இருக்கும் பயம் பொய்யில்லை. அது எனக்குத் தெரியும். நம் பையன்கள்மீது பொய்வழக்கு போட்டதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஸ்டேசன் நம்மை மனுசனாக மதித்தது? ஆனால் நான் கேட்கிறேன். அந்தப் பயத்துக்கான விலையை ஏன் என் மண்டை கொடுக்கவேண்டும்? போலீஸ் சாதிவெறியோடு நடக்கிறது என்றால் போலீசோடு சண்டை போடுங்கள். அதற்குப் பதில் என்னை வீட்டுக்குள் போட்டுப் பூட்டி, இதுதான் தந்திரோபாயம் என்றீர்களே, இதற்கும் "குடும்ப மானம்" என்று ஊர்த்தெருக்காரன் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? சாதி மானத்துக்காக அவன் பெண்ணைப் பூட்டிவைக்கிறான். இயக்க மானத்துக்காக நீங்கள் பூட்டி வைத்தீர்கள். பூட்டு ஒரே கடையில் வாங்கியது.

இன்னொரு வாதமும் வரும். "சேரியில குடிச்சிட்டுப் பொண்டாட்டிய அடிப்பானுங்க" என்று சாதி இந்துக்கள் எப்போதும் நம்மைக் கேவலப்படுத்துகிறார்கள், நீயும் இதை எழுதினால் அவர்களுக்கு வசதி என்று. சரி, கணக்குப் பார்ப்போம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை, கல்யாணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்தியா முழுக்கச் சேர்த்தால் 29. பகுத்தறிவு பேசிய மண்ணில் இந்தியச் சராசரியைவிட அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. நம் தெருக்களில் ஒரு பெண்கூட விடாமல் அத்தனை பேரும் அடிவாங்கினாலும் 38 வராது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? காம்பவுண்டுச் சுவர் வைத்த வீடுகளிலிருந்து வருகிறது. தறிப்பட்டறை முதலாளி வீட்டிலிருந்து, லாரி ஓனர் வீட்டிலிருந்து, வாத்தியார் வீட்டிலிருந்து, என்னோடு பேங்கில் வேலை பார்க்கும் ஆபீசர் வீட்டிலிருந்து வருகிறது. அவர்கள் வீட்டுக்கு நாலு கதவு. நம் வீடு ஒற்றை அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. அடி ஒன்றுதான், நம்முடையது தெருவுக்குக் கேட்கிறது. அதனால் ஊர்க்காரன் என்ன சொல்வானோ என்று என் வாயை மூடாதீர்கள். அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் கணக்கு இருக்கிறது. உங்களுக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு காலம் வார்த்தை இல்லாமல் இருந்தேன்.

சட்டத்தைப் பாருங்கள். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம்மில் பாதிப்பேருக்குப் பிரிவு எண்ணோடு மனப்பாடம். பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் குற்றம் செய்தவனும் பட்டியல் சாதியாக இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. அது நம் வீட்டு வாசல்படியில் நின்றுவிடும். வாசலுக்கு உள்ளே வருவது வேறு சட்டம். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005-இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. உடம்பில் அடிப்பது மட்டுமில்லை, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது எல்லாம் அதில் வன்முறை. மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அவன் கிட்டே வரக்கூடாது என்று பாதுகாப்பு ஆணை வாங்கலாம். இருக்கிற வீட்டைவிட்டு விரட்டக்கூடாது என்று ஆணை வாங்கலாம். 20-ஆம் பிரிவில் மருத்துவச் செலவு கேட்கலாம். 22-ஆம் பிரிவில் காயத்துக்கும் மனவேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம். கணவனின் கொடுமைக்கென்று 1983-இல் வந்த 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. மூன்று வருடம்வரை சிறை. 181-க்குப் போன் செய்யலாம்.

இந்தச் சட்டத்தை நமது எந்தப் பயிற்சி முகாமில் நடத்தினோம்? நான் ஒன்றில்கூடப் பார்க்கவில்லை. 2019 மார்கழியில் ஒரு பையும் என் சர்டிபிகேட்டுகளும் எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அப்புறம் ஒரு வக்கீல் அக்காதான் சொன்னார். முதல் கேள்வியே, "ஏ.ஆர். காப்பி இருக்காம்மா?" அரசு ஆஸ்பத்திரியில் காயத்தோடு போனால் பதிவேட்டில் எழுதித் தருவார்களே, அது. என்னிடம் இருந்தது "நார்மல்" என்ற ஸ்கேன் தாள் மட்டும். அதுவும் அவனிடம். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் என் சாட்சியை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன். மூத்த தோழர்கள் மூவரும் டீ குடித்துவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அந்தத் தாள் இருந்திருக்கும். விவாகரத்து 2022-இல் கிடைத்தது. தலைக்கு ஒரு பைசா இழப்பீடு இல்லை. நான் கேட்கவுமில்லை. நிரூபிக்க என்ன இருக்கிறது, இந்த வலியைத் தவிர?

இதெல்லாம் புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்வதுமில்லை. ஒரு தலித் தலைவனின் வீட்டுக்குள் இருக்கும் ஆண் அதிகாரத்தை சிவகாமி 'பழையன கழிதலும்' நாவலில் 1989-லேயே எழுதினார். பாமாவின் 'சங்கதி' 1994-இல் வந்தது. களத்திலும் வேலை, வீட்டிலும் அடி என்று நம் பெண்கள் படும்பாடு அதில் அத்தனை வெளிச்சமாக இருக்கிறது. நாம் என்ன செய்தோம்? தலித் இலக்கியம், மக்கள் மொழி, கலக எழுத்து என்று கருத்தரங்கு நடத்தினோம். கட்டுரை படித்தோம். எம்.பில். பட்டம் வாங்கினோம். அந்த எழுத்து நம்மிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்ட மேடையில்தான் என்னைச் சிரித்தீர்கள். அந்த அம்பேத்கர் 1942 ஜூலையில் நாகபுரியில் ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்ட பெண்கள் கூடிய மாநாட்டில் என்ன பேசினார்? கல்யாணமாகும் ஒவ்வொரு பெண்ணும் கணவனுக்குத் தோழியாக, சமமாக நிற்கவேண்டும், அடிமையாக இருக்க மறுக்கவேண்டும் என்றார். அந்தச் சமத்துவத்தைச் சட்டமாக்க இந்துச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அதை நிறைவேற்ற விடாததை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 1951 செப்டம்பரில் மந்திரி பதவியை உதறினார். பெண்கள் பிரச்சினைக்காகப் பதவியை விட்ட தலைவனின் படத்துக்கு முன்னால், பெண்ணை அடித்தவனை முன்வரிசையில் உட்காரவைத்திருக்கிறோம். அவன் பதவி, அவன் துண்டு, அவன் மைக் எதுவும் போகவில்லை. என் பார்வையில் பாதிதான் போனது.

கோகுல்ராஜ் வழக்கில் 2022 மார்ச்சில் தண்டனை வந்தது. ஏழு வருடம் நாம் விடாமல் நின்றோம். சாட்சிகள் பிறழ்ந்தபோதும் நின்றோம். அப்படி நிற்கத் தெரிந்த இயக்கம் நாம். நிற்கத் தெரியாதவர்களிடம் நான் இதைக் கேட்கமாட்டேன். அதனால் கேட்கிறேன்.

அடிபட்ட பெண் சொல்லி அனுப்பினால் சமாதானம் பேசப் போகாதீர்கள். முதலில் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தலையில் அடித்தானா, கழுத்தைப் பிடித்தானா, நினைவு தப்பியதா என்று கேளுங்கள். அதை டாக்டரிடம் சொல்லவையுங்கள். ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். ஸ்டேசனுக்குப் போகவேண்டும் என்று அவள் சொன்னால் கூடப் போங்கள். நம் பையன்களைக் காப்பாற்றப் போகும்போது எப்படிப் பத்துப்பேர் போவோமோ அப்படிப் போங்கள். போலீஸ் அவளைச் சாதி சொல்லித் திட்டினால் அங்கேயே உட்காருங்கள். 1989 சட்டம் நடத்தும் முகாமில் 2005 சட்டத்தையும் நடத்துங்கள், நடத்துவது ஒரு பெண்ணாக இருக்கட்டும். பெண்ணை அடித்தவன் என்று தெரிந்தால், அவன் எவ்வளவு பெரிய பேச்சாளனாக இருந்தாலும், விசாரித்து முடிக்கும்வரை மேடை கொடுக்காதீர்கள். விசாரிக்கும் குழுவில் பாதிக்குமேல் பெண்கள் இருக்கட்டும்.

மாணவத் தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பிகளுக்கும்தான். நல்லாப் பேசுகிறான் என்பதற்காக ஒருத்தனை நம்பிவிடாதீர்கள். முதல் அடி விழுந்ததும் "கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு பொய்க்கு நான் மாதம் 15 நாள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். அசல் அப்படியே நிற்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆனது. ஐந்து நாள் எழுதினேன், ஆறு நாள் துண்டு கட்டிக்கொண்டு இருட்டில் படுத்திருந்தேன். அந்த ஆறு நாளையும் சேர்த்துத்தான் இதைப் படிக்கவேண்டும்.

அடுத்த ஏப்ரல் 14-க்கும் வருவேன். கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன். ஃபோகஸ் லைட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். விட்ட இடத்திலிருந்து, மூன்றாவது பத்தியின் முதல் வரியிலிருந்து வாசிப்பேன். வலி வந்தால் உட்காருவேன். அப்போது யாராவது சிரித்தால் மறுபடியும் எழுந்து, இது எப்படி வந்தது என்று மைக்கிலேயே சொல்வேன். அன்றைக்குப் பெயரோடு சொல்வேன்.